இருக்கை இருந்தால் மட்டும் போதுமா?

குழந்தைக்கென ஒரு பொருளைத் தேடுவதில் நம் மக்கள் காட்டும் அன்புக்கு எல்லை இல்லை. பாட்டியின் பழைய நூற்சேலை பேரனுக்குத் தூளியாகும். மூத்தவன் தள்ளி நடந்த நடைவண்டி இளையவளுக்கு வரும். அவளுக்குப் பின் அத்தை வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் போய்ச் சக்கரம் கழன்ற பின்னரே ஓய்வு பெறும். தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டுத் தொட்டில் நான்கு வீட்டுப் பிள்ளைகளைத் தாலாட்டியதுண்டு. இது வெறும் சிக்கனம் அன்று; ஒருவர்க்கொருவர் துணைநின்ற உறவின் அடையாளமும் ஆகும். இந்நல்வழக்கத்தை நாம் குறைகூற முன்வரவில்லை. ஆயினும், இவ்வாறு கைமாறும் பொருள்களின் வரிசையில் அண்மைக் காலமாக ஒரு புதுப்பொருள் வந்து சேர்ந்திருக்கின்றது. மகிழுந்தில் குழந்தையை அமர்த்திப் பூட்டும் பாதுகாப்பு இருக்கையே அது. தூளியைக் கைமாற்றுவதும் இவ்விருக்கையைக் கைமாற்றுவதும் ஒன்றாகா என்பதே நாம் ஈண்டுச் சொல்ல விழைவது.

முன்னிருக்கையில் அமர்வோர் பாதுகாப்பு வார் அணிய வேண்டுமென்னும் சட்டம் நம் நாட்டில் 1979-ஆம் ஆண்டில் வந்தது. பின்னிருக்கையில் அமர்வோருக்கு அது 2009 ஜனவரி முதல் நாள்தான் நடப்புக்கு வந்தது. இடையில் முப்பது ஆண்டுகள்! அந்த முப்பது ஆண்டுகளும் பின்னிருக்கையில் பெரும்பாலும் அமர்ந்திருந்தவர் யாவர்? பெண்களும் பிள்ளைகளுமே. அதன்பின் 2020 ஜனவரி முதல் நாள்தொட்டு, தனியார் மகிழுந்துகளில் செல்லும் குழந்தைகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்ற விதி வந்தது. தொடக்கத்தில் அபராதம் விதியாது அறிவூட்டுவதே நோக்கம் எனப் போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. விதி வந்ததும் சந்தையும் உடன் வந்தது. இன்று கைப்பேசியைத் தடவினால் ஐம்பது வெள்ளிக்கும் ஓர் இருக்கை தோன்றுகின்றது. இரண்டாயிரம் வெள்ளிக்கும் ஓர் இருக்கை தோன்றுகின்றது. இரண்டின் படத்திலும் அதே கொழுகொழு குழந்தைதான் சிரிக்கின்றது.

"நாங்களெல்லாம் தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே பள்ளிக்குப் போனோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று வினவும் பெரியவர்கள் நம் வட்டாரத்தில் பலர் உளர். அவர்களிடம் நமக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால், ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்றைய லாரி செம்மண் பாதையில் ஆடி அசைந்து சென்றது. இன்று குனோங் ராபாட்டிலிருந்து கோப்பெங் சாலையில் ஏறினாலே சிம்பாங் பூலாய்க் கல்லுடைப்பு மலைகளிலிருந்து வரும் கனரக லாரிகளின் இடையே புகுந்துதான் செல்ல வேண்டியுள்ளது. சற்றுத் தள்ளி நெடுஞ்சாலை. அங்கோ வேக வரம்பே மணிக்கு 110 கிலோமீட்டர். மேலும், 'எங்களுக்கு என்ன ஆகிவிட்டது' என்று கேட்கும் வாய்ப்பு, ஒன்றும் ஆகாமல் தப்பியவர்களுக்கு மட்டுமே கிட்டுகின்றது. ஆனவர்கள் இன்று வந்து பதில் கூற முடியாதன்றோ?

மாணவச் செல்வங்களே, இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலேனும் மோதித் திடீரென நின்றால், அதனுள் கட்டப்படாது இருக்கும் ஒருவர் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கின்றார். அவ்வேகம், ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் ஒருவர் தரையைத் தொடும் வேகத்துக்குச் சமமாகும். வேகம் இரு மடங்கானால் அந்த உயரம் நான்கு மடங்காகும். நெடுஞ்சாலை வேகத்துக்குக் கணக்கிட்டால் 47 மீட்டருக்கும் மேல் வரும். மூன்று மாடியிலிருந்து விழும் பிள்ளையைக் கீழே நின்று மடியில் ஏந்திக்கொள்வேன் என்று எந்தத் தாயேனும் சொல்வாளா? ஆனால் மகிழுந்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, 'என் கைப்பிடியைவிடவா இந்தப் பிளாஸ்டிக் பெரிது?' என்கின்றோம். மோதலின்போது 10 கிலோ எடையுள்ள குழந்தை இருபது மடங்கு கனத்து 200 கிலோவைப் போல் இழுக்கும். இரு தோளிலும் பால்வாளி சுமந்து பழகிய கரங்களாயினும் அந்த இழுப்பைத் தாங்கமாட்டா. தாயின் அன்பில் குறையில்லை. கணக்குத்தான் அவள் பக்கம் இல்லை.

இவ்விருக்கையின் பிறப்புக் கதையும் சுவையானதே. தொடக்கக் காலத்தில் மேலைநாடுகளில் விற்ற குழந்தை இருக்கைகள் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிள்ளை ஓரிடத்தில் அடங்கி இருக்கவும், உயர்ந்து அமர்ந்து வெளியே வேடிக்கை பார்க்கவுமே செய்யப்பட்டவை. 1960-களில் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் என்பார், விண்வெளி வீரர்கள் முதுகு முழுவதும் சாய்ந்து படுத்த நிலையில் விண்கலத்தின் உந்துவிசையைத் தாங்குவதைக் கண்டு, குழந்தையையும் பின்னோக்கி அமர்த்தினால் என்ன என்று சிந்தித்தார். கைக்குழந்தையின் தலை அதன் உடலில் கால்பங்கு நீளம்; கழுத்தோ வாழைக்குருத்துப் போன்றது. பின்னோக்கி அமர்ந்த குழந்தைக்கு மோதலின் விசை தலை, கழுத்து, முதுகு அனைத்திலும் ஒருசேரப் பரவுகின்றது. இன்றைய அனைத்துலக விதிகளுள் புதியதான ஐக்கிய நாட்டு விதி 129, குழந்தைக்குப் பதினைந்து மாதம் கடக்கும்வரை பின்னோக்கியே அமர்த்த வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதனாலேயே.

இனி, நம் கருத்துக்கு வருவோம். இருக்கை வாங்கிவிட்டோம், கடமை முடிந்தது என்று மகிழ்வது பொருந்தாது. இருக்கையே பழுதுடையதாயின் அது இல்லாததைவிடத் தீங்கு செய்யக்கூடும் என்றே நாம் கருதுகின்றோம். இருக்கை இல்லாத தந்தை அஞ்சி மெல்ல ஓட்டுவார். பொய்யான இருக்கையை நம்பிய தந்தையோ அச்சமின்றி ஓட்டுவார்.

பழுது பல வழிகளில் வருகின்றது. பெரும்புகழ் பெற்ற தொழிற்சாலையிலேயே அது பிறந்துவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் கிராக்கோ என்னும் பெயர்பெற்ற நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் தான் விற்ற ஏறத்தாழ 60 இலட்சம் குழந்தை இருக்கைகளின் பூட்டுகளைத் திரும்பப் பெற்று மாற்றித்தர வேண்டியதாயிற்று. குற்றம் யாது? பிள்ளைகள் சிந்திய பாலும் பிசுக்கும் உட்புகுந்து பூட்டு இறுகிக்கொண்டது, அழுத்தினாலும் திறக்கவில்லை. வண்டி தீப்பற்றினாலோ நீரில் வீழ்ந்தாலோ பிள்ளையை எப்படி வெளியே எடுப்பது? வாரையே அறுத்துப் பிள்ளையைத் தூக்கிய பெற்றோரும் இருந்தனர். காலந்தாழ்த்தி நடந்துகொண்டதற்காக 2015-இல் அந்நிறுவனத்தின் மீது அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை ஒரு கோடி டாலர் தண்டம் விதித்தது. இக்கதையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது தண்டத்தொகை அன்று. விசாரணைக்கு வித்திட்டவை பெற்றோர் எழுதிய புகார்கள். "நமக்குத்தான் திறக்கத் தெரியவில்லை போலும்" என்று ஒவ்வொரு தாயும் தன்னையே நொந்துகொண்டு வாளா இருந்திருப்பாளாயின் அந்த 60 இலட்சமும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

நம்மவரிடம் இக்குணம் மிகுதி. கடையில் வாங்கிய பொருள் கெட்டுப்போனால், 'நம் கைராசி' என்போம். குறை பொருளில் இருக்கக்கூடும் என்று எண்ணவே கூசுகின்றோம்.

மற்றொரு வகைப் பழுது, வேண்டுமென்றே செய்யப்படுவது. மெல்லிய பஞ்சுத் துணியில் நான்கு வார்களைத் தைத்து, பயணிகள் இருக்கையின் முதுகில் கட்டிக்கொள்ளச் சொல்லி விற்கின்றார்கள். ஓடும் கூடும் இல்லை. பக்கவாட்டில் தலைக்குக் காப்பும் இல்லை. பிரிட்டனில் வணிகத் தர அதிகாரிகள் இத்தகைய துணி இருக்கையில் பொம்மையை அமர்த்தி மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது வார்கள் தாங்காமல் பொம்மை முன்னோக்கிப் பறந்தது. இதே வகைப் பொருள்கள் நம் நாட்டு இணைய அங்காடிகளிலும் தலைகாட்டுகின்றன. விலை மலிவு, தூக்கிச் செல்ல எளிது, சிறிய மகிழுந்தில் இடத்தை அடைப்பதில்லை. ஆகவே, ஐந்து பேருக்குரிய வண்டியில் எட்டுப் பேர் ஏறும் நம் குடும்பங்களுக்கு அது வரப்பிரசாதமாகவே தோன்றுகின்றது. அதைப் பாதுகாப்பு இருக்கை என்று அழைப்பதே பிழை.

மூன்றாவதுதான் நாம் முதலில் குறிப்பிட்ட கைமாறும் இருக்கை. தூளி கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும். விபத்தில் ஒருமுறை அடிபட்ட இருக்கையின் உட்கூடு விரிசல் கண்டிருப்பது மேலுறையைக் கழற்றினாலும் தெரியாது. பிளாஸ்டிக்கும் நம்மைப்போல் முதுமை அடைவது. ஈப்போ வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய மகிழுந்தினுள் நாள்தோறும் வெந்து, இரவில் குளிர்ந்து, மீண்டும் வெந்து அது நொய்ந்து போகின்றது. ஆதலால்தான் தயாரிப்பாளர்கள் பலர் ஆறு முதல் பத்து ஆண்டு எனப் பயன்பாட்டுக் காலத்தை வரையறுத்துள்ளனர். இருக்கையைத் தலைகீழாகத் திருப்பினால் அடிப்பாகத்தில் தயாரித்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். பத்தாண்டு கண்ட இருக்கையை ஒருவர் இலவசமாகத் தந்தாலும் கும்பிட்டு மறுத்துவிடுவதே மேல்.

இதற்காக, அக்காள் வீட்டு இருக்கையைத் தங்கை வாங்கவே கூடாது என்று நாம் கூறவில்லை. அக்காள் வீட்டு வண்டியின் வரலாறு தங்கைக்குத் தெரியும். எந்த ஆண்டில் வாங்கியது, மோதல் கண்டதா, வழிகாட்டிப் புத்தகம் உண்டா என்று நேரே கேட்டறியலாம். கேட்பதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் முகமறியாத ஒருவர் இணையத்திலோ சந்தையிலோ விற்கும் பழைய இருக்கையின் வரலாற்றை யார் அறிவார்? பழைய பொருளுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. தயாரிப்பாளர் குறை கண்டு திரும்ப அழைக்கும்போது அக்கடிதம் முதலில் வாங்கியவருக்கே செல்லும். இரண்டாம் கைக்கு வராது. தக்காத்தா நிறுவனத்தின் பழுதான காற்றுப்பைகள் உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்ட செய்தியை அறிந்திருப்பீர்கள். அதே பழுதால் 2014-ஆம் ஆண்டில் சரவாக்கின் சிபு நகரில் கருவுற்ற தாய் ஒருவர், சிறு விபத்தில் வெடித்த காற்றுப்பையிலிருந்து பாய்ந்த உலோகத் துண்டால் உயிரிழந்தார், சேயும் பிழைக்கவில்லை. பழைய மகிழுந்துகளை மூன்றாம் நான்காம் கையாக வாங்கி ஓட்டுவோர் நம்மிடையே மிகப் பலர். அவ்வாறு வாங்கிய வண்டிக்கு அழைப்பாணை உண்டா என்பதை அந்நிறுவன முகவரிடம் வண்டி எண்ணைச் சொல்லிக் கேட்டறிவது இருக்கை வாங்குவதற்கும் முந்திய வேலையாகும்.

நல்ல இருக்கையை அறிவது எவ்வாறு? தலைக்கவசம் வாங்கும்போது சிரிம் முத்திரை உண்டா என்று பார்க்க நாம் பழகிவிட்டோம். அதுபோன்ற பழக்கமே இங்கும் தேவை. ஐக்கிய நாட்டு விதி 44 அல்லது 129-இன்படி ஒப்புதல் பெற்ற இருக்கையில் செம்மஞ்சள் நிற ஒட்டுச்சீட்டு ஒன்று இருக்கும். அதில் ஒரு வட்டத்தினுள் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தும் அதனருகே ஓர் எண்ணும் காணப்படும். அவ்வெண் ஒப்புதல் அளித்த நாட்டைக் குறிப்பது. 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. விதி 44-இன் சீட்டில் ஒப்புதல் எண் 03 அல்லது 04 என்று தொடங்க வேண்டும். 01, 02 எனத் தொடங்குபவை மிகப் பழையவை. விதி 44 பிள்ளையின் எடையைக்கொண்டு 36 கிலோ வரை வகைப்படுத்துகின்றது. விதி 129 உயரத்தைக் கொண்டு வகைப்படுத்துகின்றது. எனவே 'நான்கு வயதுப் பையனுக்கு ஒன்று கொடுங்கள்' என்று கடையில் கேட்பதைவிட, பிள்ளையை நிறுத்தும் அளந்தும் பார்த்துவிட்டுச் செல்வது அறிவுடைமை. மிரோஸ் எனப்படும் மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் ஒப்புதல் பெற்ற இருக்கைகளின் பட்டியலை வெளியிட்டுள்ளது. பிள்ளைகளே இணையத்தில் தேடிப் பெற்றோருக்குப் படித்துக் காட்டலாம்.

விலை உயர்ந்ததே சிறந்தது என மயங்கவும் வேண்டா. மென்மையான உறையும், பால்புட்டி வைக்கும் குழியும், பளபளக்கும் நிறமும் விலையைக் கூட்டுமேயன்றி மோதலில் உதவா. ஒப்புதல் பெற்ற எளிய இருக்கை சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கின்றது. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்ச ஊதியம் பெறும் தொழிலாளிக்கு அதுவே பெருந்தொகை என்பதை நாம் மறக்கவில்லை. ஏறத்தாழ ஒரு வார உழைப்பு. ஒரு வார உழைப்பைக் கொடுத்து வாங்கும் பொருள் போலியாக இருக்குமாயின் அது வெறும் ஏமாற்றமா? களவு என்றே நாம் சொல்வோம்.

ஆகவேதான் பெற்றோரை மட்டும் எச்சரித்துவிட்டுப் பேனாவை மூடிவைக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. சாலையில் வண்டியை நிறுத்தி 'இருக்கை எங்கே?' என்று கேட்பது எளிது. அந்த இருக்கையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவரையும், கடையில் அடுக்கியவரையும், இணைய அங்காடியில் இடம் கொடுத்தவரையும் 'ஒப்புதல் எங்கே?' என்று கேட்பதே முதற்கண் நடைபெற வேண்டும். பெற்றோருக்கு ஒரு தண்டம் என்றால் போலி விற்றவருக்குப் பத்துத் தண்டம் என்பதே நியாயம். நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், குறையுடைய பொருளால் விளையும் தீங்குக்குத் தயாரித்தவர் மட்டுமன்றி இறக்குமதி செய்தவரும் பொறுப்பு என்று கூறுகின்றது. சட்டம் நூலில் இருந்தால் போதாது. அதனை எடுத்துக் கேட்கும் மக்கள் வேண்டும்.

கேட்பதற்கு வழக்கறிஞர் வேண்டுமே, பணம் வேண்டுமே என்று மலைக்க வேண்டா. பயனீட்டாளர் கோரிக்கைகளைத் தீர்த்துவைக்கும் தீர்ப்பாயம் ஒன்று அதே சட்டத்தின்கீழ் இயங்கிவருகின்றது. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், வழக்கறிஞர் வேண்டியதில்லை. உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் இழப்பீடு கோரும் வழக்குகள் மட்டும் அதன் எல்லைக்குள் வாரா. அவற்றுக்கு நீதிமன்றம் செல்ல வேண்டும். பூட்டுத் திறவாத இருக்கை, விளம்பரத்தில் ஒப்புதல் உண்டென்று கூறி ஒட்டுச்சீட்டு இல்லாமல் வந்த இருக்கை ஆகியவற்றின் பணத்தை மீட்க இதுவே ஏற்ற இடம். ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது முக்கியம். கைப்பேசியில் வாங்கியதாயின் விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்க. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் பல்லாண்டுகளாகப் பொதுமக்களின் இத்தகைய குறைகளைக் கேட்டு வழிகாட்டி வருகின்றது.

மகிழுந்தே இல்லாத குடும்பத்தார் இதனைப் படித்து, 'இது நமக்கன்று' எனப் பக்கத்தைப் புரட்டக்கூடும். இன்னும் நம் பிள்ளைகள் பலர் தந்தையின் மோட்டார் சைக்கிளில்தான் பள்ளிக்கு வருகின்றனர். முன்னே பிரம்பு நாற்காலி, அதில் சின்னவன். பின்னே புத்தகப் பையுடன் பெரியவள். அப்பிரம்பு நாற்காலி பிள்ளை நழுவாமல் உட்காரப் பயன்படும். மோதலில் காப்பதற்கு அதற்கு வலுவில்லை. மகிழுந்துக்கு இருக்கை விதி செய்த நாடு, மோட்டார் சைக்கிளில் வரும் ஏழைப் பிள்ளைக்கு என்ன செய்யப்போகின்றது என்ற வினாவை நாம் ஈண்டு எழுப்பாமல் இருக்க முடியாது. அரசின் விடை வரும்வரை, சிறுவர் தலைக்குப் பொருந்தும் முத்திரையுள்ள கவசத்தையாவது, பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள குறுகிய தூரந்தானே என்று எண்ணாமல் அணிவித்து அனுப்புங்கள். அப்பாவின் பெரிய கவசத்தைப் பிள்ளைக்கு மாட்டினால் அது திருப்பத்திலேயே கண்ணை மறைத்துவிடும்.

நம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டியும் பரிசளிப்பு விழாவும் சிறப்புற நடத்தும் சங்கம், ஒரு சனிக்கிழமைக் காலையை இதற்கென ஒதுக்கலாம். மகிழுந்து வைத்திருக்கும் பெற்றோர் இருக்கையைக் கழற்றாமல் பள்ளித் திடலுக்கு வண்டியோடு வரட்டும். பொருத்திய விதமும் பார்க்கப்பட வேண்டுமாதலால் கழற்றிக் கொண்டுவந்தால் பயனில்லை. நல்ல இருக்கையே ஆயினும் வார் தளர்ந்து தொங்கினால் பழுதான இருக்கைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. ஒட்டுச்சீட்டைப் படிப்பது, தயாரித்த ஆண்டைத் தேடுவது, பூட்டை இருமுறை திறந்து மூடிப் பார்ப்பது ஆகியவற்றை ஆறாம் ஆண்டு மாணவர்களே செய்துவிடுவர். ஆங்கிலமும் எண்ணும் அவர்களுக்கு நன்கு தெரியும். ஓர் ஆசிரியர் உடனிருந்து குறித்துக்கொண்டால் போதும். ஐயத்துக்குரிய இருக்கைகளின் பட்டியல் ஒன்று திரளுமாயின், அதனைச் சங்கத்தின் பெயரில் உள்நாட்டு வாணிக, வாழ்க்கைச் செலவின அமைச்சின் ஈப்போ அலுவலகத்துக்கு அனுப்பலாம். ஒரு தாய் தனியே எழுதும் கடிதத்துக்கு உள்ள வலிவைவிட, நாற்பது பெற்றோர் கையொப்பமிட்ட கடிதத்துக்கு வலிவு மிகுதி. மறுப்புக்குரியது என்று கண்ட இருக்கையை அன்றே வாரை அறுத்து, 'பயன்படுத்தாதே' என எழுதிக் குப்பையில் சேர்க்க வேண்டும். இல்லையேல் மறுநாளே யாரேனும் எடுத்துத் துடைத்து விற்றுவிடுவர். புகார் செய்யவிருப்பதாயின் மட்டும் அறுக்காமல் பத்திரப்படுத்துக.